வகைமாதிரியும் சராசரியும்: வணிகத் தேசப்படம் பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

இலக்கியத் திறனாய்வாளன் கணனி மென்பொருள் பற்றி எழுதப் புகும்போது அதற்கொரு நியாயம் கூறக் கடமைப்பட்டவனாகின்றான். அந்நியாயத்தைச் சுருக்கமாகவே கூறிவிடலாம். ஒரு சமூகம் தன்னைத்தானே எவ்வெவ் வடிவங்களில் எடுத்துரைத்துக்கொள்கின்றதோ அவ்வடிவங்கள் யாவும் திறனாய்வுக்கு உரியனவே. நாவல் அத்தகையதொரு வடிவம். தேசப்படமும் அத்தகையதொரு வடிவம். முதலாளித்துவ நகரத்தை அறியும் முயற்சியில் இவ்விரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரே தெருக்களிலேயே ஒன்றோடொன்று போட்டியிட்டன என்பதைப் பின்னர் காண்போம். அதற்கு நூறாண்டுகளின் பின்னர், மேசைக் கணனியிலே இயங்கும் வணிகத் தேசப்பட மென்பொருள்கள் தோன்றியபோது, அப்போட்டியில் தேசப்படத்தின் கை தெளிவாகவே ஓங்கியது. மனிதரை வகைப்படுத்தும் தொழிலை நாவலாசிரியனிடமிருந்து விற்பனைப் பகுதியின் எழுதுவினைஞர் பொறுப்பேற்றுக்கொண்டார் எனலாம். அவர் எவ்வாறு வகைப்படுத்துகின்றார் என்பதே இங்கு எமது கேள்வி.

மென்பொருளின் வரலாறு நீண்டதன்று. நியூயோர்க் மாநிலத்தின் ட்ரோய் நகரிலுள்ள ரென்சிலர் தொழினுட்ப நிறுவனத்தின் மாணவர் நால்வர் 1986 இல் மப்இன்ஃபோ என்னும் கம்பனியைத் தொடங்கினர். கலிபோர்ணியாவில் 1969 இலேயே தோன்றியிருந்த எஸ்றி நிறுவனம் ஆர்க்வியூ என்னும் எளிய மென்பொருளை 1990களின் தொடக்கத்தில் வெளியிட்டது. 1999 இல் மைக்ரோசொப்ட் தனது மப்பொயின்ட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கணக்கேடும் கடிதமும் தயாரிக்கும் அதே மேசையிலே தேசப்படமும் தயாராகலாயிற்று. 2014 இன் இறுதியில் அதனை அக்கம்பனியே கைவிட்டது.

இவை செய்யும் வேலை யாது? வாடிக்கையாளர் பட்டியல் ஒன்று இருக்கின்றது எனக் கொள்வோம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே முகவரியும் கொள்வனவுத் தொகையும் உள்ளன. மென்பொருள் அம்முகவரியை அகலாங்கு நெட்டாங்குகளாக மாற்றிப் புள்ளியாக இடுகின்றது. அப்புள்ளி எந்த அஞ்சற் குறியீட்டு வலயத்தினுள், எந்தக் குடிசன மதிப்பீட்டு வட்டாரத்தினுள் விழுகின்றது என்பதைக் கண்டு, அவ்வலயத்தின் சராசரி வருமானம், வயது, கல்வி, வீட்டுடைமை முதலியவற்றைப் பட்டியலோடு பொருத்துகின்றது. பின்னர் நிறந்தீட்டுகின்றது. கடையைச் சுற்றிப் பத்து நிமிடக் கார்ப் பயணத்துள் அடங்கும் பரப்பை ஒரு கோட்டினால் வளைத்துக் காட்டவும், விற்பனை முகவர்க்குப் பிரதேசம் பிரித்துக் கொடுக்கவும் அதனால் முடியும். மப்பொயின்ட்டில் இவ்வேலைகளைப் படிப்படியாக நடத்திவைத்த துணைக்கருவிக்கு ஆங்கிலத்தில் இடப்பட்ட பெயர் 'மந்திரவாதி' என்று பொருள்படுவது. பண்டத்தின் மாயை பற்றி மார்க்ஸ் எழுதியவற்றைப் படித்தவர்கள் இப்பெயரைக் கண்டு புன்னகை செய்யக்கூடும்.

இம்மந்திரத்தின் பொருளியல் அடித்தளத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் தெருக்கள் யாவற்றையும் கணனிக்கேற்ற கோடுகளாக மாற்றியது எந்தத் தனியார் கம்பனியுமன்று. 1990 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டுக்காக அந்நாட்டின் குடிசன மதிப்பீட்டுப் பணியகம் புவியியல் அளவைத் திணைக்களத்தோடு சேர்ந்து உருவாக்கிய டைகர் என்னும் கோப்புகளே அவை. பொதுப்பணத்தாலும் எண்ணற்ற அரசாங்க ஊழியரின் உழைப்பாலும் உருவான அக்கோப்புகள் எவரும் பெறத்தக்கனவாக விடப்பட்டன. கம்பனிகள் அவற்றை மெருகிட்டுப் பெட்டியிலிட்டு விற்றன. கூட்டுழைப்பின் பயன் தனியுடைமையாதல் என்பதற்குப் பாடநூல் உதாரணம் தேடுவோர் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை.

இனி நிறங்களுக்கு வருவோம். நிறந்தீட்டும்போது எண்களை வகுப்புகளாகப் பிரிக்கவேண்டும். இதனைச் செய்யும் முறைகள் பல. மென்பொருள் அவற்றை ஒரு பட்டியலாக நீட்டும். பயன்படுத்துவோர் பெரும்பாலும் முதலில் இருப்பதையே ஏற்றுக்கொள்வர். கற்பனையான ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பத்து வட்டாரங்களின் சராசரி வருமானங்கள், ஆயிரங்களில், 10, 11, 12, 13, 14, 15, 16, 40, 80, 100 என்றிருக்கட்டும். ஐந்து நிறங்கள் உள்ளன. வகுப்பொன்றிற்கு இரண்டு வட்டாரங்கள் எனச் சம எண்ணிக்கையாகப் பிரித்தால், வெளிறிய நிறத்திலிருந்து கடும் நிறத்துக்கு ஒழுங்காக ஏறிச்செல்லும் ஒரு படிக்கட்டுத் தோன்றும். 16 உம் 40 உம் ஒரே படியில் நிற்கும். வருமான வீச்சைச் சம இடைவெளிகளாகப் பிரித்தால், ஏழு வட்டாரங்கள் ஒரே வெளிறிய நிறத்தினுள் அமிழ்ந்துவிடும்; நடு வகுப்பொன்று வெறுமையாகவே இருக்கும்; உச்சியில் ஒரே ஒரு வட்டாரம் கறுத்து நிற்கும். எண்கள் மாறவில்லை. முதற்படம் கூறுவது முன்னேற்றத்தின் ஏணி. இரண்டாவது படம் கூறுவது ஒரு பிளவு. இவ்விரு கதைகளுள் ஒன்றைத் தெரிவதென்பது, எந்தக் கதைசொல்லியும் செய்யும் தெரிவைப் போலவே, கருத்துநிலை சார்ந்த ஒரு தெரிவாகும். ஆனால் இங்கே கதைசொல்லி ஒரு பட்டியலின் பின்னே ஒளிந்துகொள்கின்றான்.

ஆங்கிலத்திலே புள்ளிவிபரவியலாளரின் வகுப்பையும் அரசியற் பொருளாதாரத்தின் வர்க்கத்தையும் ஒரே சொல் குறிக்கின்றது. தமிழில் எமக்கு இரண்டு சொற்கள் வாய்த்திருக்கின்றமை ஒரு வசதி. வகுப்பு என்பது ஓர் எல்லைக்கும் மற்றோர் எல்லைக்கும் இடையே விழுந்த அலகுகளின் தொகுதி; அதன் உறுப்புகளுக்கிடையே யாதொரு உறவும் இருக்கவேண்டியதில்லை. வர்க்கமோ உறவினாலேயே உளதாவது. மற்றொரு வர்க்கம் இன்றி ஒரு வர்க்கம் இல்லை. வணிகத் தேசப்படத்தின் உள்ளார்ந்த தொழிற்பாடு வர்க்கத்தை வகுப்பாக மாற்றுவதே என்பது இக்கட்டுரையாளனின் கருத்து. இது ஏதோ சில அமெரிக்கக் கம்பனிகளின் சூழ்ச்சி என்று எண்ணுவது மிக எளிமையான பார்வையாகும். இம்மாற்றத்துக்கு நீண்டதொரு வம்சாவளி உண்டு; அதன் தலைவாயிலில் நிற்பவர் நல்லெண்ணம் மிக்க ஒரு மனிதர்.

லிவர்பூலைச் சேர்ந்த கப்பல் வணிகரான சார்ள்ஸ் பூத், இலண்டன் மக்களின் வறுமையை அளவிடும் பெருமுயற்சியை 1886 இல் ஆரம்பித்தார். பாடசாலைச் சபையின் வருகைப் பரிசோதகர்கள் வீடுவீடாகத் திரட்டியிருந்த குறிப்புகளைக் கொண்டு, கிழக்கு இலண்டனைத் தெருத் தெருவாக நிறந்தீட்டிய படம் 1889 இல் அவரது முதற் தொகுதியோடு வெளிவந்தது. மக்கள் எட்டு வகுப்பினராகப் பிரிக்கப்பட்டனர். தெருக்களுக்கு ஏழு நிறங்கள். செல்வர் தெரு மஞ்சள். இடைவிட்ட கூலிவேலையால் உயிர்வாழும் மிக வறியோர் தெரு கருநீலம். யாவற்றுக்கும் கீழே, ஒழுக்கங்கெட்டோர் எனவும் பாதிக் குற்றவாளிகள் எனவும் முத்திரை குத்தப்பட்டோரின் தெரு கறுப்பு. பொருளாதார நிலையில் தொடங்கிய அளவுகோல் அடித்தட்டை அடைந்ததும் அறநெறித் தீர்ப்பாக மாறிவிடுகின்றமை கவனிக்கத்தக்கது. எனினும் பூத்தின் ஆய்வைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. இலண்டன் மக்களுள் ஏறத்தாழ 30 வீதத்தினர் வறுமையில் வாழ்கின்றனர் என்ற அவரது முடிவு, வறுமை சோம்பேறிகளின் பிழை என்ற வாதத்துக்குப் பெரும் அடியாக விழுந்தது.

அப்படம் வெளிவருவதற்கு ஓராண்டு முன்னர், அதே கிழக்கு இலண்டனைக் களமாகக் கொண்ட ஒரு சிறு நாவலைப் பற்றி ஏங்கெல்ஸ் ஒரு கடிதம் எழுதினார். மார்கரெட் ஹார்க்னெஸ் 1887 இல் வெளியிட்ட 'நகரத்துப் பெண்' என்ற அந்நாவலும் 1888 ஏப்ரில் மாதத்து அக்கடிதமும் எமது வாசகர்க்குப் புதியனவல்ல. வகைமாதிரியான சூழ்நிலைகளில் வகைமாதிரியான பாத்திரங்கள் என்ற யதார்த்தவாத வரையறை அங்கிருந்தே வருகின்றது. ஆனால் அவ்வரையறை எந்தக் குறைபாட்டைச் சுட்டிக்காட்டுவதற்காகக் கூறப்பட்டது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். ஹார்க்னெஸின் பாத்திரங்கள் போதிய அளவு வகைமாதிரியானவர்களே. அவர்களைச் சூழ்ந்து இயக்கும் நிலைமைகள் அத்தகையன அல்ல. தொழிலாளர் வர்க்கம் தனக்குத் தானே உதவமுடியாத செயலற்ற திரளாகவே நாவலில் வருகின்றது என்பதே ஏங்கெல்ஸின் குறை. கிழக்கு இலண்டன் தொழிலாளர்கள் பிற இடத்தவரிலும் குறைந்த எதிர்ப்புணர்வு உடையவர்களே என்பதை அவர் ஒப்புக்கொள்ளவும் செய்தார்.

1889 ஆகஸ்டில் அந்தக் கிழக்கு இலண்டனின் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டு ஒரு மாதகாலம் போராடி வென்றனர். அதாவது, பூத் கருநீலமும் இளநீலமும் தீட்டிய தெருக்களே, அந்நிறங்களின் மை உலர்வதற்கு முன்னர், எழுந்து நடந்தன. பூத்தின் முதற் தொகுதியில் துறைமுகங்களைப் பற்றிய அத்தியாயத்தை எழுதிய பியற்றிஸ் பொட்டர் ஹார்க்னெஸின் உறவினர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. நாவலும் தேசப்படமும் ஒரே குடும்ப வட்டத்திலிருந்து ஒரே மக்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. தேசப்படம் அவ்வேலைநிறுத்தத்தை முன்னுணர்த்தவில்லை என்று குறை கூறுவது எமது நோக்கமன்று, நாவலும் முன்னுணர்த்தவில்லை. ஆனால் ஹார்க்னெஸிடம் கண்ட குறையை ஏங்கெல்ஸால் சுட்டிக்காட்ட முடிந்தது. ஏனெனில் நாவல் என்ற வடிவத்தினுள் அக்குறையை நிவர்த்தி செய்வது சாத்தியம். தெருவுக்குத் தெரு நிறந்தீட்டும் படத்திலோ துறைமுகக் கம்பனிக்கும் கூலிக்கும் இடையேயுள்ள உறவை எந்தத் தெருவில் எந்த நிறத்தால் வரைவது? கம்பனியின் பங்குதாரர் வேறொரு தெருவில், மஞ்சள் நிறத்தில், தமக்கும் கருநீலத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லாதவராக வீற்றிருக்கின்றார்.

சராசரி வேறு, வகைமாதிரி வேறு என்று பின்னாளில் லூக்காச் வலியுறுத்தியமையின் முழுப் பொருளும் இவ்விடத்திற் புலனாகின்றது. சராசரி முரண்பாடுகளை ஒன்றோடொன்று கழித்து மிகுதியை எடுத்துக்கொள்கின்றது. வகைமாதிரி அவற்றை ஒரு மனிதரிடத்தே உச்சநிலைக்குக் கொண்டுவருகின்றது. பால்சாக்கின் வட்டிக்காரனைப் போன்ற ஒருவனைப் பாரிஸ் நகர வட்டிக்காரர்களின் சராசரியைக் கணித்துப் பெற்றுவிட முடியாது.

பூத்தின் வழிமுறை வறுமை ஆய்விலிருந்து வணிகத்துக்குக் கைமாறிய கதை ஒரு வகையில் வேதனையானது. அதுவும் லிவர்பூலிலேயே நிகழ்ந்தது. 1970களில் அந்நகரின் நலிவுற்ற பகுதிகளை இனங்காண்பதற்காக ரிச்சர்ட் வெபர் என்னும் ஆய்வாளர் குடிசன மதிப்பீட்டுத் தரவுகளைக் கொண்டு குடியிருப்பு வட்டாரங்களை வகைப்படுத்தினார். நகரசபையின் உதவி எங்கே செல்லவேண்டும் என்பதே அப்போதைய கேள்வி. அப்பத்தாண்டு முடிவதற்குள் அதே முறை ஏகோன் என்ற பெயரில், விளம்பரத் துண்டுகள் எங்கே செல்லவேண்டும் என்ற கேள்விக்கு விடையாக விற்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் சமூகவியலாளரான ஜொனதன் ரொபின் நிறுவிய கிளாரிட்டாஸ் கம்பனி, 1974 இல் நாட்டின் அஞ்சற் குறியீட்டு வலயங்கள் யாவற்றையும் 40 குழுமங்களாகப் பிரித்துப் பிரிசம் என்று பெயரிட்டது. (அஞ்சற் குறியீடு 1963 இல் கடிதங்களைப் பிரிப்பதற்கென வகுக்கப்பட்ட ஏற்பாடு, தபாற்காரரின் வசதி ஒரு சமூகவியல் அலகாகப் பதவியுயர்வு பெற்றது.) மேசைக் கணனிகளிலே தேசப்பட மென்பொருள் வந்ததும் இக்குழுமங்கள் அதற்கேற்ற தரவுகளாகப் பொதிசெய்யப்பட்டன. விற்பனை முகாமையாளர் தமது நகரத்தைப் பார்ப்பது இவற்றின் ஊடாகவே.

இக்குழுமங்களுக்கு இடப்பட்ட பெயர்களே இலக்கிய மாணவனின் கவனத்துக்கு உரியன. மைக்கல் வைஸ் 1988 இல் வெளியிட்ட நூலில் நாற்பது பெயர்களையும் காணலாம். உச்சியில் இருப்பது 'நீலக் குருதியர் மாளிகைகள்'. அடுத்தது 'பணமும் மூளையும்'. 'மென்மயிர் அங்கிகளும் குடும்பக் கார்களும்', 'வேட்டைத் துவக்குகளும் பிக்கப் வாகனங்களும்' என்று பட்டியல் இறங்கிச் சென்று 'அரசாங்க உதவிப்பணம்' என்பதில் முடிகின்றது. பெயரிட்டவர்களுக்கு நகைச்சுவையும் மொழித்திறனும் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஒரு தரமான அங்கத எழுத்தாளனின் கைவண்ணம் இவற்றிலே தெரிகின்றது. பெரும்பாலான பெயர்கள் நுகர்பொருள்களால் ஆனவை. மனிதன் எதைச் செய்கின்றான் என்பதால் அன்றி எதை வாங்குகின்றான் என்பதால் பெயர்பெறுகின்றான்.

ஆயினும் உழைப்பு முற்றாக விலக்கப்பட்டுவிட்டது என்று கூறினால் அது உண்மையாகாது. 'சுரங்கங்களும் ஆலைகளும்' என்றொரு குழுமம் உண்டு. 'வாரக்குடிகள்' என்று மற்றொன்று. இன்னொன்றின் பெயர் 'நோர்மா ரே ஊர்'. தெற்கு மாநிலங்களின் ஆலை நகரங்களைக் குறிக்கும் இப்பெயர் 1979 இல் வெளிவந்த 'நோர்மா ரே' என்ற திரைப்படத்திலிருந்து எடுக்கப்பட்டது. அத்திரைப்படத்தின் பொருள் யாது? பருத்தி ஆலைத் தொழிலாளியான ஒரு பெண் தொழிற்சங்கம் அமைக்கப் போராடுவதும், வேலையிலிருந்து நீக்கப்படும் தறுவாயில் மேசைமீதேறிச் சங்கம் என்ற ஒற்றைச் சொல் எழுதிய அட்டையை உயர்த்திப் பிடிப்பதும், தறிகள் ஒவ்வொன்றாக நின்றுபோவதும் ஆகும். அக்கதாநாயகி ஓர் உண்மையான வகைமாதிரி; ஒரு வர்க்கத்தின் முரண்பாடுகள் அவளிலே ஒருங்கு கூடுகின்றன. பிரிசம் அவளது பெயரை எடுத்துக்கொண்டது. தறிகள் நின்ற கணத்தை விட்டுவிட்டது. எஞ்சியது, குறைந்த வருமானமுடைய, குறிப்பிட்ட சில பண்டங்களை மற்றையோரிலும் கூடுதலாக வாங்குகின்ற ஓர் ஊர். வகைமாதிரி சராசரியாகச் சீரழிவதற்கு இதனினும் தெளிவான சான்று எமக்குக் கிடைத்திலது. 'வாரக்குடிகள்' பற்றியும் இவ்வாறே கூறலாம்: வாரம் கொடுப்பவன் இருக்குமிடத்தில் வாரம் வாங்குபவனும் இருக்கவேண்டும், அவன் வேறொரு குழுமத்தில், வேறொரு நிறத்தில் இருக்கின்றான்.

இதற்குக் காரணம் பெயரிட்டோரின் மனப்பாங்கு மாத்திரமன்று. குடிசன மதிப்பீடு மனிதரை அவர்கள் உறங்கும் இடத்தில் எண்ணுகின்றது. வணிகத் தேசப்படம் இரவுநேரத்துச் சமூகத்தின் படம். அலுவலகக் கோபுரத்தைத் துப்புரவு செய்யும் பெண்ணும் அதன் மேல்மாடியில் அமரும் பணிப்பாளரும் பகலில் ஒரே கட்டடத்திற் சந்திக்கின்றனர். படத்திலோ இருபது மைல் இடைவெளியில் இருவேறு நிறங்களாகப் பிரிகின்றனர். அவர்களை இணைக்கும் கூலியுறவு, ஒரு வலயத்தின் 'குறைந்த வருமானம்' எனவும் மற்றொரு வலயத்தின் 'உயர்ந்த வருமானம்' எனவும், நிலத்துக்கு இயல்பாகவே உள்ள இரு குணங்களாகத் தோற்றமளிக்கின்றது. ஒரு மண் செம்மண், மற்றது கருமண் என்பது போல.

தேசப்படத்தைப் பனுவலாகக் கொண்டு வாசிக்கும் முயற்சியில் ஜே. பி. ஹார்லி 1989 இல் எழுதிய கட்டுரை முன்னோடியானது. தேசப்படத்தின் மௌனங்களைக் கேட்க அவர் கற்றுத்தந்தார். எனினும் பூக்கோவையும் டெரிடாவையும் துணைக்கொண்ட அவரது வாசிப்பிலே அதிகாரம் எங்கும் பரந்து கிடக்கின்றது. அது எவருடைய உடைமை, எந்த உழைப்பிலிருந்து வருகின்றது என்ற கேள்விகள் மங்கிவிடுகின்றன. எல்லாத் தேசப்படங்களும் அதிகாரத்தின் கருவிகளே என்று கூறிவிட்டால், ஒரு படத்துக்கும் மற்றொரு படத்துக்கும் இடையே தெரிவு செய்யும் பொறுப்பு எம்மை விட்டு நீங்கிவிடும். அப்பொறுப்பை நாம் விட்டுவிடலாகாது.

ஏனெனில் வேறு வகையான படங்களும் உள்ளன. 1988 இல் அட்லாண்டாவின் நாளிதழ் ஒன்றில் பில் டெட்மன் எழுதிய கட்டுரைத் தொடர், வங்கிகள் சட்டப்படி வெளியிடவேண்டியிருந்த வீட்டுக்கடன் தரவுகளை வட்டாரவாரியாக ஆராய்ந்து, ஒரே அளவு வருமானமுடைய வெள்ளையர்க்குக் கறுப்பினத்தவரிலும் 5 மடங்கு கடன் வழங்கப்பட்டதை அம்பலப்படுத்தியது. தரவு, வட்டாரம், ஒப்பீடு என யாவும் விற்பனைப் பகுதியில் வழங்கும் முறைகளே. வேறுபாடு யாதெனில் இங்கே வட்டாரத்தின் எதிரே வங்கி நிறுத்தப்பட்டது. உறவின் மறுமுனை படத்தினுள் வந்தது.

இதனினும் ஒரு படி மேலே சென்றது டெட்ரோயிட் நகரில் வில்லியம் பங்கியும், குவென்டலின் வாரன் என்னும் இளம் கறுப்பினப் பெண்ணும் நடத்திய புவியியற் பயணம். 1971 இல் அவர்கள் வெளியிட்ட படமொன்று வெறும் கறுப்புப் புள்ளிகளாலானது. ஒவ்வொரு புள்ளியும் வாகனத்தில் அடிபட்ட ஒரு பிள்ளை. செல்வர் வாழும் புறநகருக்கும் நகர மையத்துக்கும் இடையே காரிற் போய்வருவோர் கறுப்பினப் பிள்ளைகளை மோதும் இடங்கள் என்று பொருள்படுவது அதன் தலைப்பு. இலக்கணக் கண்கொண்டு நோக்கினால் இத்தலைப்பின் சிறப்பு விளங்கும். வணிகத் தேசப்படங்களின் தலைப்புகள் 'அஞ்சற் குறியீட்டு வலயவாரியான குடும்ப வருமானம்' என்பன போன்ற பெயர்த்தொடர்கள். அவற்றில் எவரும் எதையும் செய்வதில்லை. பங்கியின் தலைப்பில் எழுவாய் உண்டு, செயப்படுபொருள் உண்டு, வினை உண்டு. அனா கரீனினாவில் வரும் குதிரைப் பந்தயத்தையும் நானாவில் வரும் குதிரைப் பந்தயத்தையும் ஒப்பிட்டு லூக்காச் 1936 இல் எடுத்துரைத்தலுக்கும் வருணித்தலுக்கும் இடையே கண்ட வேறுபாடு தேசப்படத்துக்கும் பொருந்தும் என்பதை இப்படம் காட்டுகின்றது. கணனியின் உதவியின்றி அது வரையப்பட்டது. அதன் ஆசிரியர் பின்னர் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கிக் கனடாவிலே டாக்சி ஓட்டி வாழ்ந்தார்.

இன்று மேசைக் கணனியிலிருந்த தேசப்படத் தொழிற்பாடுகள் பெரும்பாலும் தொலைவிலுள்ள கணனிக் களஞ்சியங்களுக்குச் சென்றுவிட்டன. வகைப்படுத்தலைச் செய்யும் சூத்திரம் இப்போது எவருக்கும் படம் வரைந்து காட்டவேண்டியதில்லை. அது நேரடியாகவே தீர்மானிக்கின்றது. 2016 ஏப்ரிலில் புளூம்பேர்க் செய்தி நிறுவனம், அமேசன் கம்பனி பொருள்களை வாங்கிய நாளிலேயே வீட்டுக்குக் கொண்டுசென்று கொடுக்கும் பகுதிகளைக் குடிசன மதிப்பீட்டுத் தரவுகளோடு ஒப்பிட்டுப் படங்களாக வரைந்தது. பொஸ்டன் நகரில் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் றொக்ஸ்பரி, சேவை பெறும் பகுதிகள் நாற்புறமும் சூழ, நடுவே வெறுமையாக விடப்பட்டிருந்தது. கம்பனி கூறிய விடை, தனது கணிப்பில் இனம் என்ற காரணியே இல்லை, அங்கத்தவர்களின் செறிவு, களஞ்சியத்திலிருந்து தூரம் போன்றவையே உள்ளன என்பதாகும். அவ்விடை உண்மையாகவும் இருக்கலாம். இனமும் வர்க்கமும் அஞ்சற் குறியீட்டு வலயங்களிலே முன்னரே படிந்துவிட்டபின் அவற்றை மீண்டும் சூத்திரத்தில் எழுதவேண்டிய தேவை எவருக்கும் இல்லை. கண்டனங்கள் எழுந்த சில வாரங்களுள் றொக்ஸ்பரிக்கும், நியூயோர்க்கின் புரொங்க்ஸ் பகுதிக்கும், சிக்காகோவின் தென்பகுதிக்கும் சேவை விரிவாக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. அதுவரை அவ்வெற்றிடங்கள் எவர் கண்ணிலும் படாதிருந்தமைக்கு, அவற்றைக் காட்டும் படத்தை விற்பவர் எவரும் வரைய வேண்டியிராமையே காரணம்.